ஒரு தரம் மட்டும் கூப்பிட்டேன்

குழாயில் வாயை வைத்து, "இசக்கிமுத்து" என்று கூப்பிட்டேன்.

சுவரைத் துளைத்துக்கொண்டு உள்ளே போகிற இரும்புக் குழாய் அது. ஒரு முழ நீளம் இருக்கும். கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்து வளையம் போட்டால் எவ்வளவு அகலமோ, அவ்வளவு அகலம். அந்தப் பக்கம் இருட்டு. இந்தப் பக்கம் பம்பாயின் மே மாதம். பெயர் உள்ளே போனது. பதிலுக்கு எப்போதும் வருகிற குளிர்மூச்சு மட்டும் வந்து உதட்டில் பட்டது.

மனதுக்குள் ஐந்து எண்ணினேன். குழாய் வாயில் மரக்கட்டையைச் சொருகினேன். விளக்கின் சுவிட்சை அணைத்தேன். கதவின் இரும்புப் பிடியை இரண்டு கையாலும் அழுத்தி இறக்கினேன். 'தொப்' என்று ஒரு சத்தம், ஈரத் தலையணையை யாரோ கீழே போட்டதுபோல.

அவ்வளவுதான். ஒரு மனிதனை உயிரோடு மூடிவைப்பதற்கு அதற்கு மேல் வேலை இல்லை என்பது அன்று எனக்குத் தெரியாது. கையைத் துடைத்துக்கொண்டு வெயிலுக்கு வந்துவிட்டேன்.

பம்பாயில் ஏது குளிர்?

பம்பாயில் குளிரில் வேலை பார்த்தவர்களைப் பற்றிப் போன வாரம் ஒரு வரி எழுதியிருந்தேன். ஒரு வாசகி கடிதம் போட்டிருக்கிறார்: 'வியர்த்து வழிகிற ஊரில் ஏது ஐயா குளிர்? சும்மா கவிதைக்காகச் சொல்கிறீர்களா?'

அம்மா, அந்த ஊரில் குளிர் காசு கொடுத்துச் செய்யப்பட்டது.

ஆண்டாப் ஹில்லுக்குக் கிழக்கே, ரயில் தண்டவாளத்துக்கும் உப்பளங்களுக்கும் நடுவில் ஒரு கட்டடம் இருந்தது. பெயர் வேண்டாம். எங்கள் ஆட்கள் அதை 'ஐஸ் கோடவுன்' என்பார்கள். ஒரு அறையில் உருளைக்கிழங்கு, அது மார்கழிக் காலை மாதிரி. இன்னொரு அறையில் கப்பலேறப் போகும் இறால், மீன். அந்த மாதிரிக் குளிருக்குத் தமிழில் மாதமே இல்லை. சுவர் முழுக்கத் தக்கை, அதன் மேல் தார். கதவு மட்டும் ஒரு சாண் கனம். இயந்திர அறையிலிருந்து அம்மோனியா வாடை வரும். புதிதாக வருகிறவன் முதல் நாள் அழுவான். துக்கம் என்று நினைத்துக்கொள்வான், மூக்குதான்.

வெளியே கானல் அலைய, உப்பளம் வெள்ளையாகக் கிடக்கும். உள்ளே பனி, வெளியே உப்பு. இரண்டு வெள்ளைக்கும் நடுவில் ஒரு மர நாற்காலியில் நான். அறுபதுகளின் நடுவில் ஏதோ ஒரு வருஷம். எனக்கு இருபத்துமூன்றோ நாலோ. மாட்டுங்காவில் ஒரு மாடி அறை, மெஸ் சாப்பாடு, தலை முழுக்க எழுதாத வரிகள். என் உத்தியோகத்துக்கு ஆங்கிலத்தில் நீளமாக ஒரு பெயர் உண்டு. ஆட்கள் எனக்கு வைத்த பெயர் 'கதவு பாபு'. அதுதான் சரியானது. கதவைத் திறப்பது, கதவை மூடுவது, நடுவில் உள்ளே யாரும் இல்லை என்று பார்த்துக்கொள்வது.

பெட்டி தூக்குகிறவர்கள் எட்டுப் பேர். எல்லோரும் திருநெல்வேலிப் பக்கம். பாதிப் பேர் தாராவியில், மீதிப் பேர் மாட்டுங்கா லேபர் கேம்பில் குடியிருந்தார்கள். கம்பெனி கொடுத்த கோட்டுகள் பழைய பட்டாளத்துச் சரக்கு. யார் யாரோ செத்துப் போட்டுவிட்டுப் போனவை. சிலதில் பித்தளைப் பொத்தானுக்குப் பக்கத்தில் சின்னதாக ஓட்டை இருக்கும், நாங்கள் அதைப் பற்றிப் பேசுவதில்லை. தலைக்குக் கோணிச் சாக்கு. காலுக்கும் கோணிதான். நெஞ்சுக்கு?

இதைச் சொல்ல எனக்குக் கொஞ்சம் கூச்சம். நெஞ்சுக்கு, பத்திரிகை. கிங்ஸ் சர்க்கிளில் பழைய தமிழ் வாரப் பத்திரிகைகளை எடைக்கு வாங்கி வந்து, தாள் தாளாகச் சட்டைக்குள் செருகிக்கொள்வார்கள். நடக்கும்போது சரசரக்கும். "பாபு, இந்த வாரம் தொடர்கதை நல்ல கனமா இருக்கு, குளிரே ஏறல" என்பான் இசக்கிமுத்து. அவனுக்கு எழுத்துக்கூட்டித்தான் வாசிக்க வரும். என் முதல் கவிதை அச்சான பக்கமும் அப்படி யாரோ ஒருவர் நெஞ்சில் வேர்வையில் ஊறிக் கிழிந்துதான் போனது. அதைவிட நெருக்கமான வாசகர் எனக்குப் பிறகு அமையவில்லை.

நடுக்கம் நிற்கும் நேரம்

கூட்டத்துக்குத் தலைவன் மாசானம். ஆட்களை வேலைக்குச் சேர்த்து, பிரித்து, திட்டி, காப்பாற்றுகிறவனைப் பம்பாயில் முக்காதம் என்பார்கள். மாசானத்துக்கு நாற்பது வயதுகூட இருக்காது. குட்டையான உருவம், தொண்டை மட்டும் கோயில் மணி. அரை மணி உள்ளே, அரை மணி வெளியே என்பது அவன் போட்ட சட்டம். கம்பெனியோடு சண்டை போட்டு வாங்கியது. சூப்பர்வைசர் கையில் கடிகாரத்தோடு வந்து நின்றால், "சாயபு, மீனுக்குத்தான் கெடாம இருக்கணும். மனுசன் கெட்டுப் போனா எந்த ரூமுல வைப்பீரு?" என்பான்.

குளிரைப் பற்றி அவர்கள் சொல்லிக்கொண்டதெல்லாம் எனக்கு முதலில் பயமுறுத்தல் மாதிரித்தான் இருந்தது.

"நடுங்குதவன விட்டுரு. நடுக்கம் நின்னவன இழுத்துட்டு வா."

"பேச்சுக் கொழறுனா வெளிய. கோவம் வந்தாலும் வெளிய. சிரிச்சாம்னா ஓடிப்போய்த் தூக்கு."

"வேர்க்க வேர்க்கத் தூக்காத. வேர்வைதான் பொறவு பனியாவும்."

குளிர் முதலில் விரலைப் பிடிப்பதில்லை, புத்தியைப் பிடிக்கிறது. கெட்டிக்காரன் ஒரு முடிச்சைப் போட முடியாமல் கால்மணி நேரம் நிற்பான். கேட்டால், "இந்தா ஆச்சு" என்பான். அவனைப் பொறுத்தவரை ஒரு நிமிஷம்தான் ஆகியிருக்கும்.

நான் சேருவதற்கு முந்தைய வருஷம் மீன் அறையில் ஒருவர் செத்துப்போயிருந்தார். பெயர் லாசர். நாசரேத் பக்கம் ஊர். மூடின கதவை மறுநாள் காலையில் திறந்தபோது கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தாராம். அதிலிருந்து அந்தக் கடைசி வரிசைக்குத் தனியாக யாரும் போவதில்லை. அங்கிருந்த பல்பும் அடிக்கடி போய்விடும். மாற்றினால் ஒரு வாரம் தாங்கும், மறுபடி 'டப்'. ஈரம்தான் காரணம் என்று எலெக்ட்ரிஷியன் சொன்னான்.

"உள்ள பேரு சொல்லிக் கூப்பிடுது பாபு" என்று ஒருநாள் இசக்கிமுத்து சொன்னான். டீ கிளாஸை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் உருட்டிக்கொண்டிருந்தான். முப்பது வயது. நெடுநெடுவென்று வளர்ந்து, கோட்டுக்கு வெளியே மணிக்கட்டு நீட்டிக்கொண்டிருக்கும்.

"யாரு?"

"நம்ம கூட்டத்து ஆளு குரல்தான். ஒரே ஒரு தரம். திரும்பிப் பாத்தா எல்லாவனும் பெட்டியத் தூக்கிட்டு இருக்கான்."

"காற்றாடி சத்தமா இருக்கும்."

"காத்தாடிக்கு எங்க அம்ம வச்ச பேரு எப்பிடித் தெரியும்?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தான். பக்கத்திலிருந்தவர்கள் சிரிக்கவில்லை.

நானும் பகுத்தறிவு பேசுகிற வயதில் இருந்தேன். இருந்தாலும் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். குழாயின் கட்டையை எடுத்தால் வருகிற அந்தக் குளிர்காற்று ஒரே சீராக வராது. விட்டு விட்டு வரும். ஒரு மூச்சு, ஒரு நிறுத்தம், ஒரு மூச்சு. உள்ளே சுற்றுகிற காற்றாடியின் வேலை என்று தெரியும். தெரிந்தும் நான் அதில் காதை வைத்ததில்லை. வாயை மட்டும் வைப்பேன்.

மூன்று கூப்பாடு

கதவை மூடுகிற முறை இதுதான். ஆட்கள் வெளியே வந்து முற்றத்து வெயிலில் உட்காருவார்கள். பட்டியலை வாசிக்க வேண்டும். கை தூக்குகிறவன் வெளியே இருக்கிறான். கை தூக்காதவன் பெயரைக் குழாயில் கூப்பிட வேண்டும். பதில் வந்தால் ஆள் உள்ளே. வராவிட்டால் கதவை மூடலாம்.

வழக்கமாகக் குழாயில் கூப்பிடுவது மாசானம். எந்தப் பெயரானாலும் மூன்று தரம் கூப்பிடுவான். ஒவ்வொன்றுக்கும் நடுவில் வெற்றிலையை மெல்லுகிற மாதிரி நிதானம். எனக்கு அது எரிச்சலாக இருக்கும். கட்டை திறந்திருக்கிற ஒவ்வொரு நொடியும் குளிர் வீணாகிறது என்று சூப்பர்வைசர் என்னைத்தான் கடிப்பார்.

"எதற்கு மூன்று தரம்? ஒரு தரம் கேட்காதா?" என்று கேட்டிருக்கிறேன்.

"ஒரு தரம் கேக்கும் பாபு. 'ஏன்'னு கேக்கதுக்குத்தான் மூணு" என்றான். நான் அதை முக்காதத்தின் பந்தா என்று எடுத்துக்கொண்டேன்.

அன்று காலை மாசானம் லாரியோடு துறைமுகத்துக்குப் போகவேண்டி வந்தது. ஏறும்போது, "சத்தங்குடுக்கத மறந்துராதிய" என்றான். மறக்கவில்லை. மீன் அறையில் சரிந்திருந்த பெட்டிகளை அடுக்கிவிட்டு ஆட்கள் வெளியே வந்தார்கள். முகமெல்லாம் ஒரே முகம்: கோணி, புருவத்தில் பனித்தூள், நீலம் பாய்ந்த உதடு. பட்டியலை வாசித்தேன். ஆறு கை உயர்ந்தது. மாசானம் லாரியில். இசக்கிமுத்து மட்டும் இல்லை.

"எங்கே அவன்?"

"லாரியில ஏறிப் போயிருப்பான்" என்று ஒருவன் சொன்னான். "மாசானண்ணாச்சி ஒரு ஆள் வேணும்னாவ."

முறைப்படி குழாயில் கூப்பிட்டேன். ஒரு தரம். பதில் இல்லை. அப்படியானால் லாரியில்தான் போயிருக்கிறான். அந்த மௌனத்தை நானே ஒரு பதிலால் நிரப்பிக்கொண்டேன். என் குற்றம் அதுதான். சுவிட்சை அணைத்ததும் பிடியை அழுத்தியதும் கை செய்த வேலை.

மீன் அறை வேலை அன்றைக்கு முடிந்தது. இனி அந்தக் கதவை மறுநாள் காலையில்தான் திறப்பார்கள். ஆட்களைக் கிழங்கு அறைக்கு அனுப்பிவிட்டு, நாற்காலியில் உட்கார்ந்து, வெயிலைப் பற்றி நாலு வரி எழுதினேன். அந்தத் தாள் இன்றும் என்னிடம் இருக்கிறது. மோசமான வரிகள் இல்லை, அதுதான் அவமானம்.

தூக்குவாளி

உச்சி வெயிலில் செல்லக்கனி வந்தாள். இசக்கிமுத்துவின் மனைவி. லேபர் கேம்பிலிருந்து தினமும் தூக்குவாளியில் சுடச்சுடக் கஞ்சி கொண்டுவருவாள். முந்தானையால் வாளியைச் சுற்றி, பிள்ளையை அணைக்கிற மாதிரி மார்போடு பிடித்திருப்பாள்.

"பேச்சி அப்பாவ வரச்சொல்லுங்க பாபு." கணவன் பெயரை அவள் சொல்லி நான் கேட்டதில்லை. மகள் பெயர் பேச்சியம்மாள், அவளை வைத்துத்தான்.

"லாரியில் போயிருக்கிறான் அம்மா."

"லாரி காலையிலயே கேம்பு முக்குல போச்சே. முன்னால மாசானண்ணன் ஒத்தைக்கு உக்காந்துருந்தாவ. நான் கைகூடக் காட்டுனேன்."

"உள்ளே கூப்பிட்டுப் பார்த்தேன். பதிலே இல்லை" என்றேன்.

"எத்தன தரம் கூப்பிட்டிய?"

"ஒரு தரம்."

அவள் என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை. புரியாத மொழியில் பேசுகிறவனைப் பார்க்கிற மாதிரி இருந்தது.

"ஒரு தரத்துக்கு யாராச்சும் 'ஏன்'னு கேப்பாவளா? இருட்டுக்குள்ள? ஒத்தக் கூப்பாடு பேயில்லா கூப்பிடும்! ரெண்டுகூடக் கூப்பிடும். அதுக்கு 'ஏன்'னு கேட்டா ஆளு போச்சு. மூணாவது வாட்டி கூப்பிட்டாத்தான் மனுசன். பச்சப் பிள்ளைக்குத் தெரியுமே பாபு!"

மாட்டுங்கா மாடி அறையில் எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. சொல்லித்தந்திருந்தாலும் ராத்திரிக்கான விஷயம் என்று விட்டிருப்பேன். அந்த அறைக்குள் எப்போதுமே ராத்திரி என்பது, வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த எனக்குத் தோன்றவே இல்லை.

ஓடினேன். பிடி மேலே வந்தது, கதவு வரவில்லை. சில சமயம் அப்படி ஆகும். விளிம்பு ரப்பரில் பனி பிடித்து, உள்ளேயிருந்து ஒரு கை இழுத்துப் பிடித்திருக்கிற மாதிரி இறுகிவிடும். கிழங்கு அறைக்கு ஓடி ஆட்களைக் கூப்பிட்டேன். இயந்திர அறைக்கு ஓடிக் கடப்பாரையைத் தூக்கி வந்தேன்.

திரும்பி வரும்போது செல்லக்கனி குழாயின் கட்டையைப் பிடுங்கி எறிந்துவிட்டு, அதில் வாயை வைத்திருந்தாள்.

"பேச்சி அப்பா!"

நிதானமாக ஒரு மூச்சு விட்டாள். அந்தப் பதற்றத்திலும் முறை தவறவில்லை.

"பேச்சி அப்பா!"

நாங்கள் கடப்பாரையை நுழைத்தோம். ரப்பர் பட்டை கிழிகிற சத்தம்.

"பேச்சி அப்பா!"

குழாயிலிருந்து, தண்ணீருக்கடியிலிருந்து வருகிற மாதிரி, ஒரு ஆண் குரல் கேட்டது.

"ஏன்?"

கதவு பெயர்ந்து வந்தது. வெள்ளைப் புகை எங்கள் முழங்கால்களை நனைத்துக்கொண்டு வெளியே போயிற்று. கதவுக்கு உள்புறம், குழாய்க்கு நேர் கீழே, சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். கோட்டைக் கழற்றி நாலாக மடித்துப் பக்கத்தில் வைத்திருந்தான். சட்டைப் பொத்தான்கள் திறந்திருந்தன. நடுக்கம் இல்லை. எங்களைப் பார்த்துச் சிரித்தான்.

"என்னா வெக்கை" என்றான்.

நெஞ்சுக்குள் செருகியிருந்த பத்திரிகைத் தாள்களை எடுத்துத் தரையில் பாய் மாதிரி இரண்டு இடத்தில் விரித்திருந்தான். ஒன்றில் அவன் உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் இருந்த இன்னொன்றில் யாரும் இல்லை. சுற்றிலும் தரையில் பனித்தூள் படிந்திருந்தது. அந்தத் தாளின் விளிம்பிலும் படிந்திருந்தது. நடுவில் மட்டும் இல்லை. ஒரு ஆள் உட்காருகிற அளவுக்கு.

நடுங்குதான்!

முற்றத்துக்குத் தூக்கி வந்தோம். இயந்திர அறையிலிருந்து வெந்நீர் வாளியைக் கொண்டுவந்து அவன் கைகளை அதில் முக்கப் போனேன். விரல்கள் மெழுகு மாதிரி இருந்தன.

"கைய விடும் பாபு!" மாசானம் லாரியிலிருந்து குதித்து ஓடி வந்துகொண்டிருந்தான். "மொதல்ல நெஞ்சு. கை பொறவு. தேய்க்கவும் வேண்டாம், தோலு கையோட வந்துரும்."

ஈரச் சட்டையைக் கிழித்து எடுத்தான். தன் சட்டையையும் கழற்றிப்போட்டான். வெயிலில் காய்ந்த கோணிகளைப் போட்டு அதில் இசக்கிமுத்துவைக் கிடத்தி, ஒரு பக்கம் தானே நெஞ்சோடு நெஞ்சாக ஒட்டிப் படுத்தான். "தாயி, நீ அந்தப் பக்கம்" என்றான்.

செல்லக்கனி ஒரு நொடிதான் யோசித்தாள். கணவனின் முதுகோடு ஒட்டிப் படுத்து அவனைக் கட்டிக்கொண்டாள். மேலே, இருக்கிற கோணியெல்லாம் போர்த்தினோம். பட்டப்பகல், அத்தனை ஆண்கள். யாரும் சொல்லாமலே ஆட்கள் எல்லோரும் வட்டமாக நின்று, அவளுக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டார்கள். நானும் திரும்பிக்கொண்டேன். எதிரே உப்பளம் கொதித்துக்கொண்டிருந்தது.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. தூக்குவாளிக் கஞ்சியில் ஆடை படிந்துவிட்டது.

பிறகு முதுகுக்குப் பின்னால் கோணி சரசரத்தது. பற்கள் அடித்துக்கொள்கிற சத்தம்.

"நடுங்குதான்!" மாசானத்தின் குரல். "ஏலே, நடுங்குதாம்லே!"

ஆட்கள் கத்தினார்கள். ஒருவன் குதித்தான். ஒரு மனிதன் நடுங்குவதைப் பார்த்து இத்தனை பேர் சந்தோஷப்பட்டு நான் அதற்குப் பிறகு பார்க்கவில்லை. அவன் விழுங்கத் தொடங்கிய பிறகு செல்லக்கனி கஞ்சியைச் சூடாக்கி வாங்கி, கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தாள். என் பக்கம் அவள் திரும்பவே இல்லை.

இடது கையில் இரண்டு விரல்களின் நுனி போயிற்று. ஆள் பிழைத்தான்.

மறுநாள் சூப்பர்வைசர் கதவில் ஒரு தாள் ஒட்டினார். கூப்பிட்டவுடன் பதில் சொல்ல வேண்டும், தவறினால் நடவடிக்கை என்று ஆங்கிலத்தில். அதை நானே கிழித்தேன், என் வாழ்க்கையின் ஒரே வீரச்செயல். பயத்தோடு உள்ளே இருக்கிறவனை வெளியிலிருந்து திருத்த முடியாது. கதவுதான் அவன் பயத்துக்குத் தக்கபடி வளைந்துகொடுக்க வேண்டும். கரித்துண்டால் பெரிதாகத் தமிழில் எழுதினேன்: மூன்று தரம். மாசானம் ஒரு வாரம் ஆட்களை உள்ளேயே விடாமல் உட்காரவைத்து, உள்புறம் ஒரு மணிக்கயிறும், பனியைக் கொத்த ஒரு கோடாலியும், விளக்குக்கு உள்ளேயே ஒரு சுவிட்சும் வாங்கினான்.

மாஹிமில் ஒரு அடுப்பு

இரண்டு மாதம் கழித்து இசக்கிமுத்துவைப் பார்க்கப் போனேன். மாஹிமில் ஒரு பேக்கரியில் அடுப்பு வேலைக்குச் சேர்ந்திருந்தான். மழை பிடித்துக்கொண்ட பகல். நீளக் கட்டையில் பாவ் ரொட்டித் தட்டுகளை உள்ளே தள்ளிக்கொண்டிருந்தான். முகத்தில் நெருப்பு வெளிச்சம்.

"வாங்க பாபு. இங்கன வேர்த்தா சந்தோசமா இருக்கு" என்றான்.

மன்னிப்புக் கேட்கத்தான் போயிருந்தேன். அதற்குள் அவனே பேசினான்.

"பெட்டி இழுக்குத கொக்கிய விட்டுட்டேம்னு கடைசி வரிசைக்குப் போனேன். கால் கோணி அவுந்துட்டு. முடிச்சுப் போட வரல. அப்பந்தான் நீங்க கூப்பிட்டிய. அங்கன பல்பு எரியல, இருட்டு. சரி, அடுத்தது வரட்டும்னு இருந்தேன். லைட்டு போச்சு, கதவு சாத்துச்சு. தடவித் தடவிக் கதவுக்கு வந்து தள்ளுனேன், கத்துனேன். போர்வைக்குள்ள கத்துன மாதிரி. அங்கனயே உக்காந்துட்டேன். ஒறக்கமா வந்துச்சு. அப்பந்தான் ரெண்டாவது கூப்பிட்டிய."

மாவு வாடையும் புகையும்.

"ரெண்டாவதா?"

"ஆமா, குழாயில. உங்க குரல்தான். ரெண்டுக்கே 'ஏன்'னு கேட்டுருப்பேன், நாக்கு வரல. சரி, மூணாவதுக்குச் சொல்லிருவோம்னு சேத்து வச்சுட்டு முழிச்சுக்கிட்டே இருந்தேன். அதுல ஒறங்காமக் கெடந்தேன். இல்லைன்னா போயிருப்பேன்."

"இசக்கி, நான் ஒரு தரம் மட்டும்தான் கூப்பிட்டேன். கூப்பிட்டதுமே குழாயை அடைத்துவிட்டேன்."

அவன் கட்டையை வெளியே இழுத்தான். பாவ்கள் பொன்னிறமாக வெந்திருந்தன. ஒன்றை எடுத்து, நுனி போன விரல்களால் என் கையில் வைத்தான்.

"அப்பம் லாசர் அண்ணனாத்தான் இருக்கும்" என்றான், ரயிலில் வந்தவர் யார் என்று சொல்கிற மாதிரி. "பக்கத்துல ஒரு ஆளு இருந்த மாதிரித்தான் இருந்துச்சு. ஒறங்கிராதன்னு கூப்பிட்டிருக்காவ."

"அவர் வேதக்காரர், சர்ச்சுக்குப் போகிறவர் ஆயிற்றே. அவருக்கும் இந்த மூன்று கணக்கு உண்டா?"

"கோயிலுக்குப் போகத்தான் பாபு வேற வேற வழி. இருட்டுக்குள்ள எல்லாவனும் ஒரே ஊர்க்காரன்." அடுத்த தட்டை அடுப்புக்குள் தள்ளினான். பிறகு கேட்டான்: "அன்னைக்கு லாசர் அண்ணன எத்தன தரம் கூப்பிட்டாவளாம்?"

எனக்குத் தெரியும். எனக்கு முன்னால் கதவைப் பார்த்தவர் மாட்டுங்கா மாடி அறைக்காரர், என்னைப் போலவே. வேலையை ஒப்படைக்கும்போது அவர் சொன்ன வார்த்தைகள்: 'நான் கூப்பிட்டேன் சார், அவர் பதில் சொல்லவில்லை.'

அந்த வருஷக் கடைசியில் வேலையை விட்டேன். கடைசி நாள். பகல் வேலை முடிந்து ஆட்கள் வெளியே வந்தார்கள். பட்டியலை வாசித்தேன். எல்லாக் கையும் உயர்ந்தது. கட்டையைச் சொருக வேண்டியதுதான் பாக்கி.

குழாயில் வாயை வைத்தேன்.

"லாசர்."

முற்றத்தில் பேச்சு நின்றது. குளிர்மூச்சு உதட்டில் பட்டது, நின்றது, பட்டது.

"லாசர்."

வெற்றிலை மெல்லுகிற நேரம் காத்திருந்தேன்.

"லாசர்."

பதில் எதுவும் வரவில்லை, வரும் என்று நானும் நினைக்கவில்லை. விளக்கை எரியவிட்டேன். கதவை முழுக்கத் திறந்து, ஓரமாக ஒதுங்கி நின்றேன். காலில் கோணி கட்டின ஒரு ஆள் கடைசி வரிசையிலிருந்து எழுந்து கதவு வரை நடந்துவர எவ்வளவு நேரமாகுமோ, அவ்வளவு நேரம். வெள்ளைப் புகை நிலையைத் தாண்டி முற்றத்துக்கு இறங்கியது.

திரும்பிப் பார்த்தேன். மாசானம் எழுந்து, தலையிலிருந்த கோணியைக் கையில் எடுத்துக்கொண்டு, வழியை விட்டு ஒரு அடி விலகி நின்றான். அவனைப் பார்த்து மற்றவர்களும் ஒவ்வொருவராகக் காலை மடக்கி, நகர்ந்து, சுமையோடு வருகிறவனுக்கு விடுகிற மாதிரி, வாசல் வரைக்கும் வழி விட்டார்கள்.